பத்துக் குழாய் பிடிக்கும் பெட்டி

மார்ச் 8, 2021, திங்கள்

அரசாங்க வேலையில் பதினேழு வருஷமாக நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எதைச் செய்தாலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கே யாராவது மெமோ கொடுத்து விளக்கம் கேட்டால் காட்டுவதற்குக் கையில் காகிதம் வேண்டும். அதற்காகத்தான் இந்த டைரி. பெயர் சண்முகவடிவு. மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியலாளர். ஒரு வருஷமாக ஊராரின் மூக்குச் சளியைத் தவிர வேறெதையும் பார்க்காதவள்.

இன்றிலிருந்து கூடுதலாக ஒரு வேலை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் உருமாறிய கொரோனா வைரஸ் நம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டதா என்று தேட வேண்டுமாம். எங்கள் மெஷின் வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். மூன்றும் இருந்தால் திரையில் மூன்று கோடுகள் எழும்பும். அந்த வெளிநாட்டு வைரஸில் எஸ் என்ற இடத்தின் கோடு மட்டும் எழும்பாது. அப்படி எஸ் இல்லாத மாதிரிகளில் வாரம் பத்து எடுத்து, திங்கள்தோறும் மரபணு பார்க்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டியும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். பத்துக் குழாய் பிடிக்கும். "எஸ் இல்லாதவை மட்டும்" என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார்கள்.

இன்று பத்தும் நிரம்பிப் போனது. ஐஸ் வைத்துக் கட்டியது ரூஃபஸ். எங்கள் லேப் டெக்னீஷியன். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

மார்ச் 15, திங்கள்

பெட்டி போனது. ஒன்பது.

தம்பி பரமகுரு போன் செய்தான். புது வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிறார்களாம். பச்சை போடவா, சந்தனம் போடவா என்று என்னைக் கேட்கிறான். அவனுக்கு நாற்பது வயதாகிறது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கும் மாரீஸ்வரியைத் தனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று என்னிடம்தான் கேட்டான். எனக்குப் பிள்ளை இல்லை, வீட்டுக்காரர் மஸ்கட்டில். குடும்பம் என்று நான் சொன்னால் அது அவன் வீடுதான். சந்தனம் என்றேன்.

மார்ச் 22, திங்கள்

பெட்டி போனது. எட்டு. காய்ச்சல்காரர்கள் கூடுகிறார்கள், எஸ் இல்லாதவை குறைகின்றன. இது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, புதன்

ஒரே வீட்டிலிருந்து ஏழு மாதிரி. ஏழும் பாசிட்டிவ். மெஷின் எத்தனையாவது சுற்றில் வைரஸைக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, சிடி என்போம். எண் சின்னதாக இருந்தால் வைரஸ் ஏராளம். போன வருஷம் இருபதுக்குக் கீழே வந்தாலே ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுவோம். இந்த ஏழில் ஐந்து, பதினைந்துக்கும் கீழே. மூன்று கோடுகளும் ஜம்மென்று எழும்பி நிற்கின்றன. எஸ் இருக்கிறது. ஆகவே பெட்டியில் வைக்க முடியாது.

ரூஃபஸ் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கறுப்புச் சட்டை போட்டவனப் பிடின்னு நம்மள வாசல்ல நிறுத்திட்டாங்க மேடம். வெள்ளச் சட்டைக்காரன் நம்மகிட்டயே வழி கேட்டுட்டு உள்ள போறான்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 25, வியாழன்

சுகாதாரத் துணை இயக்குநரைப் பார்த்தேன். எல்லாரும் டிடி என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

"சார், எஸ் தெரியிற மாதிரியிலயும் கொஞ்சம் அனுப்பிப் பாக்கலாமா? குடும்பம் குடும்பமா வருது. இது பழைய வைரஸ் மாதிரி தெரியல."

"லெட்டர்ல என்னம்மா போட்டிருக்கு?"

"எஸ் இல்லாதது மட்டும்னு."

"அப்புறம்? நீங்களா ஒண்ண அனுப்பி வைப்பீங்க. யாரைக் கேட்டு அனுப்புனேன்னு மேல இருந்து என் கழுத்துல கத்தி வைப்பாங்க. எழுதிக் குடுங்க, கேப்போம்."

எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிய நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மார்ச் 29, திங்கள்

பெட்டி போனது. ஆறு. பதில் இல்லை.

ஏப்ரல் 5, திங்கள்

பெட்டி போனது. நான்கு. நாளை வாக்குப்பதிவு. ஒரு மாதமாக ஊரே வேனில் தொங்கிக்கொண்டு கோஷம் போட்டது. முகக்கவசத்தைத் தாடைக்குப் போடுவது எப்படி என்று தலைவர்கள் எல்லாரும் கற்றுக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 9, வெள்ளி

டிடி கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் வாராந்திர எண்கள். பத்து, ஒன்பது, எட்டு, ஆறு, நான்கு. முகத்தில் வெளிச்சம்.

"பாத்தீங்களா, அந்த உருமாறுனது படிப்படியா கொறையுது. நாளைய பத்திரிகைச் செய்தியில ஒரு வரி சேக்கணும். ஒங்க தமிழ் நல்லாருக்கும். எழுதுங்க."

"சார், நாம தேடுனதுதான் கொறஞ்சிருக்கு. தேடாதது..."

"அதெல்லாம் ஜனங்களுக்கு எதுக்கும்மா? நல்லது நடக்கும்போது நல்லதா ஒண்ணு சொல்வோமே."

எழுதினேன். "நம் மாவட்டத்தில் உருமாறிய கொரோனா வைரஸ் பரவல் தொடர்ந்து குறைந்து வருகிறது. பொதுமக்கள் வீண் அச்சம் கொள்ளத் தேவையில்லை." டிடி இரண்டு முறை வாசித்துவிட்டு, வானொலியில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். எனக்கும் அந்த நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். முதல் வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாளை யார் மெமோ கொடுத்தாலும் எண்களைக் காட்டுவேன்.

ஏப்ரல் 10, சனி

எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. ஒன்றில் கட்டம் கட்டி. பால் பூத்தில் நிற்கும்போது ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டினார். "இனி பயமில்லையாம்ப்பா" என்று முகக்கவசத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ரூஃபஸும் வாசித்தான். மடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினுக்குப் போனான். 

ஏப்ரல் 12, திங்கள்

பெட்டி போனது. இரண்டு. இன்று மட்டும் புதிதாக நூற்று அறுபது பாசிட்டிவ்.

பரமகுரு போன் செய்தான். பால் காய்ச்சு விஷயம். பங்குனியில் புது வீடு புகக்கூடாது என்று காத்திருந்து, சித்திரை பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறான். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்தேன்.

ஏப்ரல் 13, செவ்வாய்

மத்தியானம் பரமகுருவைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. அழைப்புப் பத்திரிகை கொடுத்தாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. பதினாலு வருஷம் வாடகை வீட்டில் கிடந்தவன். அரைகுறையாக எதையாவது உளறி அவன் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவானேன். வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று சுற்றறிக்கை வேறு இருக்கிறது. போனை வைத்துவிட்டு மெஷினுக்குப் போனேன்.

ஏப்ரல் 16, வெள்ளி

இன்று பால் காய்ச்சு. போக முடியவில்லை. லேபில் ஆயிரத்து நூறு மாதிரி தேங்கிக் கிடந்தது. "நான் பாத்துக்கிடுதேன் மேடம், ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க" என்று ரூஃபஸ் சொன்னான். பதினான்கு கிலோமீட்டர்தான். இருந்தாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் உடன்பிறந்தவள்தான் விளக்கோடு முதலில் நுழைய வேண்டும். மாரீஸ்வரியின் சித்தி எடுத்துக்கொண்டு நுழைந்தாராம். எட்டு மணிக்கு வீடியோ காலில் காட்டினார்கள். கூடம் கொள்ளாத கூட்டம். பட்டு வேட்டியில் பரமகுரு. "அக்கா, இருநூறுக்கு மேலக்கா! எல பத்தல!" என்று கத்தினான். யார் மூக்கிலும் துணி இல்லை. டைல்ஸ் சந்தனம்தான். அழகாக இருந்தது.

ஏப்ரல் 19, திங்கள்

பெட்டி போனது. ஒன்று.

ஏப்ரல் 21, புதன்

பரமகுருவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். முகாமில் மாதிரி கொடுத்திருக்கிறான். அவன் எண்ணைப் பட்டியலில் தேடி எடுத்து நானே மெஷினில் ஏற்றினேன். வழக்கமாக மெஷின் ஓடும் ஒன்றரை மணி நேரத்தில் டீ குடித்துவிட்டு வருவேன். இன்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. சிடி பதிமூன்று.

போன் செய்து சொன்னேன்.

"பாசிட்டிவாக்கா? உருமாறுனதா, சாதாதானா?"

"எஸ் தெரியுதுடா."

"அப்பிடின்னா?"

"நாங்க தேடுற உருமாறுனது இல்ல."

"அப்பாடி! பயந்தே போனேன்க்கா. மாரீ, சாதாதானாம்டி!" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

தனியாகப் படு, விரலில் ஆக்சிஜன் பார்த்துக்கொண்டே இரு, தொண்ணூற்று நான்குக்குக் கீழே வந்தால் உடனே கூப்பிடு என்றேன். எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றான்.

ஏப்ரல் 24, சனி

பால் காய்ச்சுக்குப் போனவர்களில் இதுவரை முப்பத்தொரு பேர் பாசிட்டிவ். மாரீஸ்வரி, இரண்டு பிள்ளைகள், விளக்கெடுத்த சித்தி, சமையல்காரர், கொத்தனார், மாரீஸ்வரியின் அப்பா. ஒருவர் விடாமல் மூன்று கோடு. பட்டியலை நானே தட்டச்சு செய்தேன். பாதிப் பேருடைய கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

பரமகுருவுக்கு ஆக்சிஜன் எண்பத்தெட்டு. ஆஸ்பத்திரி வாசலில் நான்கு மணி நேரம் ஆம்புலன்சிலேயே கிடந்தான். என் அடையாள அட்டையைக் காட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். படுக்கை கிடைத்தது. அதற்கு முன்பு அதில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, திங்கள்

பெட்டி போனது. பத்து.

பத்தும் எஸ் இருக்கிற மாதிரிகள். நான்காவது குழாய் பரமகுரு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பார்சல்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். டிடி கையெழுத்துப் போட்டார், வாசிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டிக்குள் என்ன போகிறது என்று இவர்கள் ஒருநாளும் பார்த்ததே கிடையாது.

இதுவரை அனுப்பிய ஏழு பெட்டிகளில் காலியாகப் போன இடங்கள் முப்பது. காலி இடத்தில் குழாய் ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்து அனுப்பினோம். பஞ்சு வைத்தது நான்தான்.

ஏப்ரல் 29, வியாழன்

முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. நர்ஸ் போனை அவன் பக்கம் பிடித்தார். கையைத் தூக்கிக் காட்டினான். எதற்கு என்று தெரியவில்லை.

மே 1, சனி

மாரீஸ்வரியின் அப்பா போய்விட்டார். பரமகுருவுக்குச் சொல்லவில்லை.

மே 2, ஞாயிறு

வாக்கு எண்ணிக்கை. வெளியே வெடி. உள்ளே வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள்.

மே 4, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குத் தம்பி இறந்துவிட்டான்.

லேபுக்குத்தான் தகவல் வந்தது. பாதுகாப்பு உடைக்குள் இருந்தேன். உள்ளே அழுதால் கண்ணாடி மங்கிவிடும், துடைக்கவும் முடியாது. கையிலிருந்த மாதிரித் தட்டை ரூஃபஸ் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு நடந்தது ஒழுங்காக நினைவில்லை. என் தம்பி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நெஞ்சு வலிக்கிறது, நிஜமாகவே வலிக்கிறது.

மே 5, புதன்

மின் மயானம். வரிசையில் எங்களுக்குப் பதினாறாவது இடம். நான்கு பேருக்குத்தான் அனுமதி. நான், ரூஃபஸ், பஞ்சாயத்து ஆள் இருவர். மாரீஸ்வரியும் பிள்ளைகளும் இன்னும் தனிமையில் இருப்பதால் வரக்கூடாது. புது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். பார்ப்பதற்கு என்ன இருந்தது? பாலித்தீன்.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. பெரிய ஆய்வகத்தில் மாதிரிகள் மலையாகக் குவிந்துவிட்டதால் மறு உத்தரவு வரும் வரை பெட்டி அனுப்ப வேண்டாமாம்.

மே 19, புதன்

பதினாறாம் நாள். ஒன்றும் செய்யவில்லை. மாவட்டத்தில் இன்று மட்டும் ஆயிரத்து நானூறு பாசிட்டிவ். மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படுக்கை இல்லாதவருக்கு உனக்கு நோய் இருக்கிறது என்று சீட்டுக் கொடுப்பதற்காக.

ஜூன் 1, செவ்வாய்

"பேர் வச்சிட்டாங்க மேடம்" என்று ரூஃபஸ் வந்து சொன்னான். உருமாறிய வைரஸ்களுக்கு இனி நாட்டுப் பெயர் கூடாதாம், கிரேக்க எழுத்தாம். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது ஆல்ஃபா. நாங்கள் வழி சொல்லி அனுப்பி வைத்தது டெல்டா.

ஜூன் 14, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. ஏப்ரல் 26ஆம் தேதிப் பெட்டி. பத்துக்குப் பத்தும் டெல்டா. பெயர்கள் கிடையாது, எண்கள்தான். நான்காவது வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அதே தபாலில், மார்ச் 25ஆம் தேதி நான் எழுதியதற்கும் பதில். எஸ் உள்ள மாதிரிகளையும் இனி அனுப்பலாமாம். டிடிக்குத் திருப்தி. "பாத்தீங்களாம்மா? முறையா கேட்டா பதில் வரத்தான் செய்யுது."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, செவ்வாய்

இதற்கும் ஒரு வரி வேண்டுமாம். எழுதினேன். "நம் மாவட்டத்தில் டெல்டா வகை கண்டறியப்பட்டுள்ளது. இது மார்ச் மாதமே பரவத் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. அப்போது அதை நாம் தேடவில்லை." டிடி பேனாவை எடுத்துப் பின்னால் இருந்த இரண்டு வரிகளையும் அடித்தார். அந்த இடத்தில், "தொற்று வெகுவாகக் குறைந்து கட்டுக்குள் உள்ளது" என்று சேர்த்தார். சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

ஜூன் 28, திங்கள்

காலையில் மாரீஸ்வரி போன் செய்தாள். தளர்வு அறிவித்துவிட்டார்கள். முதலில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். பெரியவளுக்கு இன்னும் இருமல் விடவில்லையாம். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"மதினி, அவுகளுக்குப் பதினாறும் செய்யல, ஒரு மாலையும் போடல. வர்ற ஞாயித்துக்கெழம கூடத்துல வச்சுப் படத்தத் தெறந்துரலாம்னு இருக்கேன். சொந்தபந்தம், அவுக சேக்காளிக எல்லாம் எப்போ எப்போன்னு கேக்காக. நூறு பேருக்குச் சொல்லலாமா? பேப்பர்லயும் கொறஞ்சிருச்சுன்னுதான போட்டிருக்கு. ஒங்கட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னுதான். அவுக எதுன்னாலும் ஒங்களக் கேக்காமச் செய்ய மாட்டாகல்ல."

சரி, கூப்பிடு என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் நல்ல நாத்தனாராகவே இருந்திருப்பேன். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். ஆனால் நேற்று வந்த அறுநூறு மாதிரியில் எழுபது பாசிட்டிவ். அந்தக் கூடம் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும், போனில் பார்த்திருக்கிறேன்.

"வேண்டாம் மாரி. யாரையும் கூப்பிடாத. நீயும் பிள்ளைகளும் மட்டும் மால போட்டுக் கும்பிடுங்க."

"பேப்பர்ல..."

"பேப்பர நம்பாத. அத எழுதிக் குடுத்ததே நான்தான். அது முழுசா உண்ம இல்ல."

  

"சித்திரையில வந்ததும் நீங்க எழுதுனதுதானா மதினி?"

"ஆமா."

"கூட்டத்தக் கூப்பிடலாமா, இல்ல வீட்டாளுகளோட முடிச்சிரலாமான்னு அந்தத் திங்கக்கெழம ஒங்கட்டக் கேட்டாகளே. பேப்பரப் பாத்தேல்ல, அப்புறம் என்னன்னு சொன்னீகளாம். அக்காவே சொல்லிருச்சுன்னு அப்பிடி ஒரு சந்தோசம். அதுக்கப்புறம்தான் தெருத்தெருவாப் போயி மறுக்கா எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தாக."

டைரியில் அந்தத் திங்கள்கிழமையைப் புரட்டினேன்; இரண்டு நிமிஷம் பேசினேன் என்று மட்டும்தான் இருக்கிறது. 

"ஒங்க கையிலதான் வெளக்கக் குடுக்கணும்னு வாசல்லயே நின்னாக. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு எங்கப்பா சத்தம் போட்டதுக்கு அப்புறந்தான் நகந்தாக." அவள் குரல் உயரவே இல்லை, அழவும் இல்லை. "ஊரே வந்துச்சு. நீங்க மட்டும் வரல. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும் மதினி."

பிறகு, சரி, யாரையும் கூப்பிடலை என்றாள். போனை அவள்தான் வைத்தாள்.